இரும்புத் தேரில் நான்காவது ஆள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மாமல்லபுரத்துப் பக்கம் பிறந்தவனுக்குத் தேர் என்றதும் முதலில் கண்ணில் நிற்பது கல் தேர்தான். தருமராஜ ரதம், பீம ரதம், அர்ச்சுன ரதம் என்று பெயர் சொல்லிப் பழகிய பிறகுதான் நாங்கள் எழுத்தே படிக்கிறோம். அந்தத் தேர்கள் ஓடியதில்லை, ஓடப் போவதுமில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவன் தொடங்கி, முற்றுப் பெறாமல் நின்றுவிட்ட தேர்கள் அவை. ஆனால் ஓடுகிற அர்ச்சுனன் ஒருவன் உண்டு. பீஷ்மனும் உண்டு. அவர்கள் பிறந்த இடம் ஆவடி. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஆவடி, ஒரு காலத்தில் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை நினைக்கும்போது, கல் தேரும் இரும்புத் தேரும் ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள்தாம் என்று தோன்றுகிறது.

நான் சொல்லுவது டாங்கிகளைப் பற்றி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டாங்கிகள் நான்கு: விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். இவற்றில் விஜயந்தா ஆங்கிலேயர் வரைந்தது. அஜேயாவும் பீஷ்மாவும் சோவியத் நாட்டு வம்சம். அர்ஜுன் நம்மவர் வரைந்தது. உலகத்து டாங்கிக் கலையின் இரண்டு பெரும் பள்ளிகளும் ஒரே தொழிற்சாலைக் கூரையின் கீழ் நம் தமிழ்நாட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன. இப்படி ஒரு வாய்ப்பு வேறு எத்தனை நாட்டு மாணவனுக்குக் கிடைக்கும்?

சென்ற பருவத்தில் நம் இயற்பியல் மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். ‘சோவியத் டாங்கியா, மேனாட்டு டாங்கியா, எது சிறந்தது?’ என்பது தலைப்பு. சோவியத் பக்கம் பேச என் பெயரைக் கொடுத்தேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். 2018 ஏப்ரலில் எங்கள் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பொதுமக்களை அனுமதித்த நாளில் பெரியப்பா என்னை அழைத்துப் போனார். மண்மேட்டின் மேல் ஒரு டாங்கி ஏறி இறங்கியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அன்று முதல் எனக்கு டாங்கிப் பைத்தியம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் டாங்கிப் படங்கள்தாம்.

சொற்போருக்காக ஒரு பெரிய அட்டவணை தயாரித்தேன். எடை, பீரங்கியின் குறுக்களவு, எஞ்சினின் குதிரைத்திறன், உயரம், வேகம் என்று கட்டம் கட்டமாக எழுதினேன். முதலில் டி-34 என்ற பழைய டாங்கியில் தொடங்கினேன். 1940-இல் உற்பத்திக்கு வந்த அந்த டாங்கியின் முன்பக்கத் தகடு 45 மில்லிமீட்டர்தான். ஆனால் அதை நிமிர்த்தி வைக்காமல் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்தார்கள். 60 பாகையின் கொசைன் மதிப்பு அரை என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. ஆகவே நேராக வருகிற குண்டு 90 மில்லிமீட்டர் இரும்பைத் துளைத்தாக வேண்டும். தகட்டின் தடிமனைக் கூட்டாமல், வெறும் கோணத்தை வைத்தே குண்டு துளைக்க வேண்டிய தூரத்தை இரண்டு மடங்காக்கிய கணக்கு அது! ஜெர்மானியர்கள் 57 டன் எடையுள்ள ‘டைகர்’ டாங்கிகளைச் சுமார் 1,350 மட்டுமே செய்து முடித்தார்கள். சோவியத் தொழிற்சாலைகள் டி-34 வகையை ஐம்பதாயிரத்துக்கும் மேலாகச் செய்து குவித்தன. ‘சிறந்தது ஒன்று வேண்டுமா, போதுமானது நாற்பது வேண்டுமா?’ என்று நான் கேட்டபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. பரிசும் எனக்கே கிடைத்தது.

அன்று மாலை செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் அந்த அட்டவணையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1979-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். டாங்கிப் படையில் இருபது ஆண்டு இருந்தவர். ஆறடி உயரம். இடது காது சரியாகக் கேட்காது; அது பீரங்கி தந்த பரிசு. அவரிடம் எதையும் இரகசியமாகச் சொல்ல முடியாது. தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்ல வேண்டும். நானும் அப்படியே என் முழுப் பேச்சையும் உரக்கப் பேசிக் காட்டினேன். தெருப் பிள்ளைகள் திண்ணையில் கூடிவிட்டார்கள். பெரியப்பா அட்டவணையை விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் இருக்குதுடா. குண்டு இருக்குது, எஞ்சின் இருக்குது, டன்னு இருக்குது. உள்ள உக்கார்ற ஆளு எங்க?”

எனக்கு விடை தெரியவில்லை. உண்மையில் அந்தக் கட்டமே என் அட்டவணையில் இல்லை.

அன்றிலிருந்து பல மாலைகள் பெரியப்பாவிடம் உட்கார்ந்து நான் கற்றதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

பெரியப்பா முதலில் வேலை செய்தது விஜயந்தாவில். இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வரைந்த டாங்கி அது. 1965-இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது. எடை சுமார் 39 டன். பீரங்கி 105 மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் மேனாடுகள் பலவும் நம்பியிருந்த நல்ல பீரங்கி. குறையும் உண்டு. எடையைக் குறைப்பதற்காகக் கவசத்தை மெலிதாக்கினார்கள். எஞ்சினும் அடிக்கடி முகம் சுளிக்கும். ஆனால் உள்ளே நான்கு பேருக்கு இடம் இருந்தது. தலைவர், பீரங்கி சுடுபவர், ஓட்டுநர், நான்காவதாகக் குண்டு போடுபவர். அந்த நான்காவது ஆள்தான் என் பெரியப்பா.

ஒரு குண்டின் எடை இருபது கிலோவை ஒட்டி இருக்கும். ஓடுகிற வண்டியில், ஆடுகிற கூண்டுக்குள், அதைத் தூக்கிப் பீரங்கியின் பின்வாயில் திணித்து, பின்னுக்கு உதைக்கும் பீரங்கிக்கு வழிவிட்டு ஒதுங்கி, ‘லோடட்!’ என்று கத்த வேண்டும். சிறிது தப்பினால் கை போய்விடும். வெளியே நடக்கிற சண்டையை அவர் சரியாகப் பார்க்கவும் முடியாது. வெற்றி பெற்றால் தலைவருக்குப் பெயர். குறி தப்பாமல் அடித்தால் சுடுபவருக்குப் பெயர். குண்டு போட்டவனை யார் கேட்கிறார்கள்?

“ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. நாலாவது ஆளுன்னா குண்டு போடறவன் மட்டும் இல்ல. ரேடியோ பாக்கறவன் அவன். டீ போடறவன் அவன். ராத்திரி நாலு பேரும் முறை வெச்சி முழிச்சி இருந்தா, ஆளுக்குக் கொஞ்சமாவது தூக்கம் கிடைக்கும். டிராக் கழண்டுச்சின்னா, சம்மட்டி எடுத்து பின் அடிக்கணும், கம்பி போட்டு நெம்பணும். அங்க ஒரு கை கொறைஞ்சா என்னாகும்னு உங்கப்பனைக் கேளு, கல்லு பொரட்டறவன் அவன். அவனுக்குத் தெரியும்.”

என் அப்பா சிற்பப் பட்டறையில் கையாள். சிற்பி இல்லை, சிற்பிக்குக் கல் புரட்டிக் கொடுத்து, வேண்டாத பகுதியை முதலில் அடித்துக் கழித்துக் கொடுக்கும் ஆள். ஆக, எங்கள் குடும்பத்தில் அண்ணனும் நான்காவது ஆள்தான். தம்பியும் நான்காவது ஆள்தான்.

1980-களில் பெரியப்பாவின் படைப்பிரிவுக்கு டி-72 வந்தது. சோவியத் நாட்டிலிருந்து முதலில் வாங்கி, பிறகு 1987 முதல் ஆவடியிலேயே ‘அஜேயா’ என்ற பெயரில் செய்யத் தொடங்கிய டாங்கி இது. 125 மில்லிமீட்டர் பீரங்கி, 780 குதிரைத்திறன் எஞ்சின், எடை சுமார் 41 டன். விஜயந்தாவை விட இரண்டே டன்தான் கூடுதல். ஆனால் பீரங்கியும் பெரிது, கவசமும் தடிமன். இந்த மாயம் எப்படி நடந்தது? இடத்தைச் சுருக்கியதால் நடந்தது. உள்ளே இடம் குறைந்தால், மூட வேண்டிய பரப்பும் குறையும். பரப்பு குறைந்தால் அதே எடை இரும்பைத் தடிமனாகப் போடலாம். சரி, இடத்தை எப்படிச் சுருக்குவது? ஒரு ஆளை இறக்கிவிட்டால் போதும்! குண்டு போட ஓர் இயந்திரத்தை வைத்தார்கள். திருவிழா ராட்டினம் போல வட்டமான ஒரு தட்டு, கூண்டின் அடியில் படுத்த நிலையில் இருக்கும். அதில் 22 குண்டுகளும் அவற்றுக்கான மருந்துகளும் அடுக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் ராட்டினம் சுற்றும். வேண்டிய குண்டு மேலே வரும். இயந்திரக் கை அதைப் பீரங்கிக்குள் தள்ளும். நான்காவது ஆள் தேவையில்லை.

ஆள் இறங்கியதும் டாங்கியின் உயரமும் குறைந்தது. தரையிலிருந்து கூண்டின் மேல் வரை ஏறத்தாழ 2.2 மீட்டர்தான். பாலைவனத்தில் ஒரு புதர் மறைவு போதும். சோவியத் படையில் டாங்கிக்கு உயரம் குறைந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். ஆறடிப் பெரியப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தார்களாம். முழங்கால் இடித்தது. வேலையும் இல்லை, இடமும் இல்லை. மீதிக் காலமெல்லாம் அவர் குண்டு ஏற்றும் லாரி ஓட்டினார்.

இதைக் கேட்டதும், பெரியப்பாவுக்கு டி-72 மேல் கசப்பு இருக்கும் என்று நான் எண்ணினேன். அதுதான் இல்லை!

“நல்ல வண்டிடா அது. கெட்ட எண்ணெய் ஊத்தினாலும் ஓடும். பழுதானா பிரிச்சி மாட்டறது லேசு. பாலத்துல ஏறும், ரயில்ல ஏறும். படிக்காதவன் கிட்ட கொடுத்தாலும் சீக்கிரம் கத்துப்பான். ஒரு நாட்டுக்கு ஆயிரக்கணக்குல வண்டி வேணும்னா, அந்த மாதிரிதான் செய்யணும்.”

தன் இடத்தைப் பறித்த இயந்திரத்தின் நிறையைச் சொல்லத் தயங்காத அந்த நேர்மையை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

குறைகளையும் அவரே சொன்னார். நான் அவற்றை என் இயற்பியலோடு பொருத்திப் பார்த்தேன்.

முதல் குறை, பீரங்கியின் மூக்கு தாழாது. கிணற்று ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு முனை தாழ வேண்டுமானால் மறுமுனை உயர வேண்டும். கூரை தாழ்வான கொட்டகைக்குள் ஏற்றம் வைத்தால் பின்முனை கூரையில் இடிக்கும். முன்முனை கிணற்றை எட்டாது. டி-72 பீரங்கி சுமார் 6 பாகைதான் தாழும். மேனாட்டு டாங்கிகள் பலவற்றில் 10 பாகை வரை தாழும். ஆகவே மேனாட்டு டாங்கி ஒரு மேட்டின் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் காட்டிச் சுடலாம். சோவியத் டாங்கி அதே மேட்டில் உடலையும் காட்ட வேண்டியிருக்கும். சமவெளியில் பாய்ந்து தாக்கவென்றே வரைந்த டாங்கிக்கு மேடு ஒரு பொருட்டில்லை என்று அதை வரைந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

இரண்டாம் குறை, பின்னோட்டம். டி-72 பின்னுக்குப் போகும் வேகம் மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர். நான் பேருந்தைத் தவறவிட்டால் இதைவிட வேகமாக நடப்பேன். முன்னேறத் தெரிந்த வண்டிக்குப் பின்வாங்கத் தெரியவில்லை.

மூன்றாவது குறைதான் பெரியது. அந்த ராட்டினத்தின் மேல்தான் வீரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கவசத்தைத் துளைத்து ஒரு பொறி அந்த மருந்தைத் தொட்டால், கூண்டே பிய்ந்து வானில் பறக்கும். 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் இந்தக் காட்சியை உலகமே கைப்பேசியில் பார்த்தது. சொற்போரில் என்னை எதிர்த்துப் பேசிய நண்பன் அந்தப் படங்களைத்தான் காட்டினான். நான் அப்போது, “ஒன்று போனால் இன்னொன்று வரும்” என்று பதில் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டாங்கி இன்னொன்று வரும். அதற்குள் இருந்த மூன்று பேர்?

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டுகள் கூண்டின் பின்புற அறையில் இருக்கும். நடுவே கனத்த கதவு. அறையின் மேல்தகடு வேண்டுமென்றே எளிதில் பெயர்ந்துவிடும்படி செய்யப்பட்டது. தீப்பிடித்தால் வெடிப்பு மேல்நோக்கிப் போய்விடும். உள்ளே இருப்பவர் பிழைக்க வழி உண்டு. அதில் நான்காவது ஆளும் உண்டு. டாங்கியை இழந்தாலும் ஆளைக் காப்பாற்று என்பது அந்தப் பள்ளியின் பாடம்.

அப்படியானால் மேனாட்டு டாங்கியே சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது, நண்பர்களே. அதற்கு விலை உண்டு. எடை அறுபது டன்னை எட்டும், தாண்டும். இங்கே ஓர் இயற்பியல் நுட்பம் இருக்கிறது. கடற்கரை மணலில் செருப்போடு நடப்பவனைவிட, குதிகாலை ஊன்றி நடப்பவனுக்கே கால் ஆழமாகப் புதையும். எடையைவிட, எடையைப் பரப்பால் வகுத்த அழுத்தமே மண்ணுக்குத் தெரியும். நம் அர்ஜுன் 58 டன்னுக்கு மேல் இருந்தும், அகலமான டிராக் இருப்பதால் தரையில் அது தரும் அழுத்தம் டி-72-இன் அழுத்தத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் பாலத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. பாலம் மொத்த எடையைத்தான் சுமக்க வேண்டும். கால்வாயும் சிறு பாலமும் நிறைந்த பஞ்சாபில் இது விளையாட்டான செய்தி இல்லை.

1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் டி-72-கள் அமெரிக்க டாங்கிகளிடம் மிக மோசமாகத் தோற்றன. அதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவோரும் உண்டு. ஆனால் ஈராக்கிடம் இருந்தவை ஏற்றுமதி வகை. இருளிலும் புழுதியிலும் வெப்பத்தை வைத்தே எதிரியைக் காணும் கண் அமெரிக்கரிடம் இருந்தது, ஈராக்கியரிடம் இல்லை. கண் கட்டியவனோடு மல்யுத்தம் செய்துவிட்டு, தசை வலிமையை அளந்தேன் என்று சொல்லலாமா? உக்ரைனிலோ மேனாட்டு லெப்பர்ட், சேலஞ்சர், ஏப்ரம்ஸ் டாங்கிகளும் எரிந்தன. மலிவான பொருள்களைச் சேர்த்துக் கட்டிய சிறு பறக்கும் பொறிகள், பல கோடி ரூபாய் டாங்கிகளின் மெலிந்த மேல்தகட்டைத் தேடி வந்து விழுந்தன. ஆனாலும் மேனாட்டு டாங்கி எரிந்தபோது, பல சமயம் உள்ளிருந்தவர்கள் இறங்கி ஓடிப் பிழைத்தார்கள் என்றே செய்திகள் வந்தன.

நம் நாட்டு வரலாறு இன்னொரு பாடத்தையும் சொல்லுகிறது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில், அந்நாளில் நவீனமான அமெரிக்கப் பாட்டன் டாங்கிகளோடு பாகிஸ்தான் வந்தது. அட்டவணைப்படி பாட்டன்தான் மேல். ஆனால் நம்மவர் வயல்களில் நீரைத் திறந்துவிட்டு, கரும்புக் கொல்லைகளில் பழைய செஞ்சூரியன் டாங்கிகளை மறைத்து நிறுத்திக் காத்திருந்தனர். ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அப்துல் ஹமீது என்ற வீரர் பாட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தி உயிர் துறந்தார். கைப்பற்றிய டாங்கிகளை நிறுத்திவைத்த இடத்துக்குப் ‘பாட்டன் நகர்’ என்றே பெயர் வந்தது.

1971-இல் இரண்டு பள்ளிகளும் நமக்காகவே போரிட்டன. கிழக்கே, நீரில் நீந்தும் சோவியத் பி.டி.-76 டாங்கி, கவசம் மிக மெலிது என்றாலும், கரீப்பூரில் அமெரிக்கச் சாஃபி டாங்கிகளை எதிர்த்து நின்று வென்றது. மேற்கே, டிசம்பர் 16 அன்று, ஆங்கிலேயச் செஞ்சூரியன் டாங்கியில் இருந்த அருண் கேத்ரபால், வண்டி தீப்பற்றிய பிறகும் ‘என் பீரங்கி இன்னும் சுடுகிறது’ என்ற காரணத்தால் இறங்க மறுத்து உயிர் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 21. என்னைவிட ஒரு வயதுதான் பெரியவர். அந்தப் பெயரை நாம் எல்லோரும் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த டாங்கியில் அவரோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் அர்ஜுன் இந்த இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே பிறந்த பிள்ளை. 1974-இல் திட்டம் அனுமதி பெற்றது. 2004-இல்தான் முதல் தொகுதி படைக்குப் போனது. முப்பது ஆண்டுக் காத்திருப்பு! அதில் நான்கு பேர் உட்காரலாம். 120 மில்லிமீட்டர் பீரங்கி. 1,400 குதிரைத்திறன் தரும் ஜெர்மன் எஞ்சின். 2010-இல் ராஜஸ்தானில் டி-90-உடன் ஒப்பிட்டுச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆனாலும் எடை அதன் சுமை; வெளிநாட்டு எஞ்சின் அதன் குறை. பீஷ்மா என்னும் டி-90-ஓ எடையில் 46 டன்தான். எண்ணிக்கையில் அதுவே மிகுதி. ஆனால் குளிர்நாட்டில் பிறந்த அந்த டாங்கியின் வெப்பக் கண்கள் ராஜஸ்தான் வெயிலில் தடுமாறின என்பதும் உண்மை. ஓரிடத்துக்கு என்று வரைந்ததை வேறிடத்துக்குக் கொண்டுவரும்போது அந்த இடத்தையும் கேட்டாக வேண்டும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவின் பட்டறையில் சில ஆண்டுகளுக்கு முன் கல் அறுக்கும் இயந்திரம் வந்தது. கையாள் ஒரு வாரம் அடித்துக் கழிக்கும் கல்லை அது ஒரு நாளில் கழிக்கும். புழுதி மட்டும் நெஞ்சுக்குள் போகும். இப்போது அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. மற்ற நாளில் இருமல். என் முதலாண்டுச் செலவு பெரியப்பாவின் பென்ஷனில் நடந்தது. இரண்டாம் ஆண்டில் அப்பா ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களாமே. மாசம் பொறந்தா கையில காசு வரும். நீ என்னடா சொல்ற?”

2022-இல் வந்த அக்னிபாத் திட்டம் அது. நான்கு ஆண்டு வேலை. முடிவில் நான்கில் ஒருவர் வரைதான் நிரந்தரம் என்பது அறிவித்தபோது சொன்ன கணக்கு. டி-72 நான்கு பேரில் ஒருவரை இறக்கிவிட்டது. இங்கே நான்கில் மூவர் இறங்க வேண்டும். ஆனால் அப்பாவின் இருமலுக்கு முன்னால் இந்தக் கணக்கெல்லாம் எப்படிச் சொல்லுவது? நாளைக் கடத்தினால் வயது வரம்பும் தாண்டிவிடும். டாங்கிப் பைத்தியம் பிடித்த எனக்கு ஆசையும் இல்லாமல் இல்லை. பெரியப்பாவிடம் போய் நின்றேன்.

“போறதா இருந்தா போ. பட்டாளம் சோறு போட்ட எடம், நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நான் போனப்போ எட்டாவது. அந்த வண்டி எப்படி ஓடுதுன்னு எனக்குச் சொல்லித் தந்தாங்க. ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு எனக்கும் கேக்கத் தெரியல, யாரும் சொல்லவும் இல்ல. நம்ம வீட்ல ‘ஏன்’னு கேக்கற எடத்துக்கு ஒரு ஆள் போனா நல்லா இருக்கும். அதுக்கு எத்தன வருசம் ஆவும்னு எனக்குத் தெரியாது. உங்கப்பன் மூச்சு அது வரைக்கும் தாங்குமான்னும் தெரியாது. நீதான் முடிவு எடுக்கணும்.”

யாரும் எனக்காக முடிவு எடுக்கவில்லை. பதிவு செய்யக் கடைசி நாளன்று எங்கள் ஊர்ப் பிரவுசிங் சென்டர் வாசல் வரை போனேன். உள்ளே என் வயதுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அப்பாவிடம், “படிச்சி முடிச்சிடறேம்பா. சனி, ஞாயிறு வேலைக்குப் போறேன்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சோற்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, “பஸ் போயிடப் போவுது, கெளம்பு” என்றார். இப்போது வார இறுதியில் கடற்கரைச் சாலையில் ஓர் உணவு விடுதியில் மேசை துடைக்கிறேன். நான் செய்தது சரிதானா என்பது அப்பா இருமும் இரவுகளில் எனக்கே தெரிவதில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. என் பழைய அட்டவணையை நான் கிழித்துப் போடவில்லை. அதில் இப்போது புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ‘உள்ளே இருப்பவர்’ என்பது அதன் தலைப்பு. அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால், சோவியத் பள்ளிக்கும் மதிப்பெண் உண்டு, மேனாட்டுப் பள்ளிக்கும் மதிப்பெண் உண்டு. நூற்றுக்கு நூறு ஒருவருக்கும் இல்லை. எளிமையும் எண்ணிக்கையும் ஒரு நாட்டைக் காக்கும். இடமும் கதவும் ஒரு வீட்டுப் பிள்ளையைக் காக்கும். இரண்டையும் ஒரே வண்டியில் சேர்ப்பது எப்படி என்பதுதான் ஆவடியில் வரைபலகை முன் உட்காரும் ஒருவருடைய கேள்வியாக இருக்க வேண்டும்.

நண்பர்களே! நம் கல்லூரியில் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நம் அப்பாக்களும் அம்மாக்களும் எங்கோ ஓரிடத்தில் நான்காவது ஆளாக நின்றவர்கள்தாம். நாளை நம்மில் ஒருவர் ஓர் இயந்திரத்தை வரையலாம். ஒரு பட்டறையை நடத்தலாம். ஓர் அலுவலகத்தில் கையெழுத்திடலாம். அன்று, பொத்தானை அழுத்தினால் ஒரு ஆள் மிச்சம் என்று யாராவது நம்மிடம் கணக்குக் காட்டினால், அந்தக் கணக்கை வாங்கிப் பார்ப்போம். நல்ல கணக்காக இருந்தால் ஒப்புக்கொள்வோம். ஆனால் இறங்கிப் போகும் அந்த ஆள் எங்கே போவார் என்று ஒரு வார்த்தை கேட்போம்.

பெரியப்பாவின் மங்கிய காதுக்கும் எட்டும்படி உரக்கவே கேட்போம்.